ஒரே ஷாஃப்டுக்கு இரண்டு தடவை கூலி

நாமக்கல்லிலிருந்து மாதம் இரண்டு தடவை கொல்லிமலை ஏறுவேன். செம்மேடு பக்கம் மிளகு வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பதுதான் பிழைப்பு. காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். போக வர 140 தடவை ஸ்டியரிங்கை ஒடித்தாக வேண்டும். முன்சக்கரம் இழுக்கிற சின்ன பெட்ரோல் கார், வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஊருக்குள்ளேயே ஓட்டியிருந்தால் இந்த வியாதி இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருக்கும்.

82,000 கிலோமீட்டர் வாக்கில் சத்தம் தொடங்கியது. வலது பக்கம் ஒடித்து மிதித்தால் இடது முன்சக்கரத்தில் 'டக் டக் டக்'. வண்டி வேகமெடுத்தால் சத்தமும் நெருக்கமாகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடும். டயர் பட்டையில் கல் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை ஓரங்கட்டிப் பார்த்தேன். இதோடு இன்னொன்றும் இருந்தது: வளைவே இல்லாத ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். மலை ரோடு, மூட்டை பாரம், அப்படித்தான் இருக்கும் என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதலில் போனது டயர் கடைக்கு. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தார்கள், சத்தம் அப்படியே இருந்தது. பேலன்சிங் கோளாறு என்றால் நெடுஞ்சாலை வேகத்தில், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஸ்டியரிங் ஆடும். வீல் பேரிங் என்றால் டக் டக் வராது, 'ஊம்ம்' என்று ஒரே சீராக இரையும். இதெல்லாம் பில் கட்டிய பிறகு தெரிந்துகொண்டது.

அடுத்து நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன். வண்டியை உடனே தூக்கவில்லை. காலி மைதானத்துக்கு ஓட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம் அடிக்க வைத்தார். வலப்பக்கம் சுற்றும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால் எனக்கே தெளிவாகக் கேட்டது. "டயருக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க சார்" என்றார். கை முழுக்கக் கறுப்புக் கிரீஸ். ஜாயிண்டை மூடிக் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், மடிப்போடு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் பலத்தைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் வெளி சிவி ஜாயிண்டைக் கழற்றிக் காட்டினார். கிண்ணம் மாதிரி ஒன்று, உள்ளே ஆறு குண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பள்ளத்தில் உருளும். சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் இன்ஜின் பலம் சீராகப் போய்ச் சேருவது இதனால்தான். பூட் கிழிந்ததும் கிரீஸ் வெளியே சிதறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், குண்டு ஓடும் பள்ளத்தில் அரித்த தடம். ஒடித்து மிதிக்கும்போது குண்டு அந்தத் தடத்தில் ஏறி விழுவதுதான் டக் டக். வலது வளைவில் பாரம் இடது சக்கரத்துக்குப் போகும், அதனால் இடது பக்கம் கத்தியது. எல்லா வண்டியிலும் இந்தக் கணக்கு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். என் வண்டியில் வந்தது. கிழிந்த அன்றே பார்த்திருந்தால் சில நூறு ரூபாய் பூட்டும் புதுக் கிரீஸும் போதும். சத்தம் வந்த பிறகு கிரீஸ் வைத்துப் பயனில்லை.

புது ஜாயிண்ட் போட்டதும் சத்தம் சுத்தமாகப் போனது. அடுத்த தடவை மலை ஏறினேன், நடுக்கம் அப்படியே இருந்தது. திரும்பி வந்து சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஏன் சார் அன்னைக்கே சொல்லலே?"

அதே ஷாஃப்டின் மறுமுனை, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட். அதில் குண்டு கிடையாது, மூன்று உருளைகள். அவை ஓடும் தடம் தேய்ந்தால் திரும்பும்போது ஒன்றும் தெரியாது, நேராகப் போகும்போது மிதித்தால் வண்டி உதறும். மறுபடி ஷாஃப்டைக் கழற்றி, மறுபடி கியர் ஆயிலை வடித்து, மறுபடி கூலி. இரண்டையும் முதல் நாளே சொல்லியிருந்தால் முழு ஷாஃப்டாகவே மாற்றியிருப்பார், செலவும் குறைந்திருக்கும். வண்டிக்காரன் பாதி சொன்னால் மெக்கானிக் பாதிதானே பார்ப்பார்!

இரண்டாவது வேலைக்குப் பிறகு 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, மூட்டையும் மழையும் உட்பட. இடது பக்கம் சத்தமோ நடுக்கமோ இல்லை. இப்போது ஒவ்வொரு தடவை மலை இறங்கி வந்ததும் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து நிறுத்திவிட்டு, செல்போன் டார்ச்சில் பூட் மடிப்புகளைப் பார்க்கிறேன், இரண்டு நிமிஷ வேலை. போன வாரம் வலது பக்க வெளிப் பூட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. பூட் வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.