மஞ்சள் மண்டி ஊரிலிருந்து ஓர் ஓநாய்த் தெய்வத்தைப் பார்த்தது: 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' அனுபவம்

'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' என்ற ஜப்பானிய அசைவூட்டத் தொடரின் (அனிமே) புதிய வடிவத்தை, 2024-இல் வந்த 25 பகுதிகளையும், பார்த்து முடித்துவிட்டேன். 2008, 2009 ஆண்டுகளில் வந்த பழைய இரண்டு சீசன்களைக் கல்லூரிக் காலத்திலேயே பார்த்தவன் நான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் சொல்கிறேன்: வாளும் மந்திரமும் இல்லாமல், எடைக்கல்லையும் கடன் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு நெஞ்சைப் படபடக்க வைக்கும் தொடர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இது கற்பனை நாடாகவே தோன்றவில்லை.

இசுனா ஹசெகுராவின் நாவல் வரிசைதான் மூலம். முதல் நூல் 2006-இல் வெளியானது. கிராஃப்ட் லாரன்ஸ் 25 வயது வணிகன். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவன். பாஸ்லோ என்ற கிராமத்தைத் தாண்டும்போது அவன் வண்டியில் ஏறிக்கொள்கிறாள் ஹோலோ. ஓநாயின் காதும் வாலும் உடையவள். அவ்வூர்க் கோதுமையை நூற்றாண்டுகளாக விளையவைத்த தெய்வம். மக்கள் அவளை மறந்துவிட்டார்கள். வடக்கே இருக்கும் தன் சொந்த ஊரான யோய்ட்சுவுக்குப் போக வேண்டும் என்கிறாள். அவ்வளவுதான் கதை; மற்றதெல்லாம் வழியில் நடக்கும் வியாபாரம்.

முதல் கதையே காசு பற்றியது. ட்ரெனி என்ற வெள்ளிக் காசில் வெள்ளிச்சத்து கூடப்போகிறது என்று ஒருவன் லாரன்ஸிடம் ரகசியம் விற்க வருகிறான். அவன் பொய் சொல்கிறான் என்று ஹோலோ கண்டுகொள்கிறாள். காசு மாற்றுபவரின் கடையில் காசுகளைக் குலுக்கி அவள் காதால் கேட்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஓசையிலேயே தெரிகிறது: வெள்ளி குறைகிறது. மதிப்பு இறங்கப்போகும் காசை எதற்கு ஒரு பெரிய வணிகக் கூட்டம் வாரிக் குவிக்கிறது? பழைய காசை உருக்கி வெள்ளி குறைந்த புதுக் காசு அடிக்க அரசனுக்கு அந்தக் காசு வேண்டும். அதைக் கொடுத்துச் சலுகைகளை வாங்கிக்கொள்ளலாம். இந்த முடிச்சு அவிழும் விதம் அபாரம்.

நம் மண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64-இல் ரோமானியப் பேரரசன் நீரோ காசின் எடையையும் வெள்ளிச்சத்தையும் குறைத்தான். வெள்ளி குறைந்த புதுக் காசை நம்மூர் வணிகர்கள் விரும்பவில்லை, பழைய நல்ல காசையே கேட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் விளக்குகிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டி விற்றவர்களுக்கு ஹோலோவின் காது வாய்த்திருந்ததோ என்னவோ.

மஞ்சள் கமிஷன் மண்டி நடத்திய என் சித்தப்பாவோடு மிளகு விற்கும் பகுதியைப் பார்த்தேன். லாரன்ஸ் மிளகை எடைபோடக் கொடுக்கிறான். தராசில் குற்றம் எதுவும் தெரியவில்லை. ஹோலோ தலைசுற்றுகிறது என்று தண்ணீர் வாங்கி, அதை மேசையில் ஊற்றுகிறாள். தண்ணீர் ஒரே பக்கமாக ஓடுகிறது. சாய்ந்திருப்பது மேசை! கடைக்காரர் முகம் வெளுக்கிறது.

"காட்டிக் கொடுக்க மாட்டான், பார். கடனுக்குச் சரக்குக் கேட்பான்" என்றார் சித்தப்பா.

"எப்படிச் சொல்கிறீர்கள் சித்தப்பா?"

"வேறு எதைக் கேட்பான்?"

அப்படியே நடந்தது. கைமுதலுக்கு இரண்டு மடங்கு கவசங்களைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு கிளம்புகிறான் லாரன்ஸ். போய்ச் சேர்ந்த ஊரில் வடக்குப் படையெடுப்பு நின்றுபோயிருக்கிறது. கவசத்துக்கு விலையே இல்லை. 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இல் 5,000 ரூபாய்க்கும் கீழே போனதைப் பார்த்த வீட்டில் அந்தக் காட்சி வேறு விதமாக உறைக்கும். சித்தப்பா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த இரவில் லாரன்ஸ் தெரிந்த வணிகர் வீடுகளையெல்லாம் தட்டிக் கடன் கேட்கிறான். பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும் கதவை மூடுகிறார்கள். 'பெண்ணோடு ஊர் சுற்றிக்கொண்டு கடன் கேட்க வந்துவிட்டான்' என்ற எண்ணம். ஆறுதலாக நீண்ட ஹோலோவின் கையை அவன் தட்டிவிடும் நொடியில்தான் இந்தத் தொடர் என்ன செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. இங்கே பணமும் பாசமும் தனித்தனிக் கணக்கில் இல்லை. சந்தையில் பெயர் கெட்டால் வீட்டிலும் அது எதிரொலிக்கும்.

குமெர்சுன் ஊர்க் கதையில் இது இன்னும் கூர்மையாகிறது. ஹோலோவை மணக்கத் துடிக்கும் அமாட்டி என்ற இளம் மீன் வணிகனிடம், கையில் இல்லாத சரக்கை முன்பணம் வாங்கி விற்கிறான் லாரன்ஸ். சரக்கைப் பிறகு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்; அதற்குள் விலை இறங்கினால்தான் பிழைப்பு. முன்பேர வர்த்தகம் மஞ்சள் விலையைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் புலம்புவதைக் கேட்டிருக்கிறோமே, அதன் உள்வேலை இதுதான்.

குறைகளும் உண்டு. காசு விவகாரத்தின் விளக்கம் பாய்ந்து ஓடுகிறது; சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படிக்காமல் புரியாது. சண்டைக்காகக் காத்திருப்பவர்கள் இரண்டாம் பகுதியிலேயே எழுந்துவிடுவார்கள். யோய்ட்சுவுக்கு இந்த 25 பகுதிகளிலும் போய்ச்சேர முடியாது.

பழையதா புதியதா என்று கேட்டால், முதல்முறை பார்ப்பவர்களுக்குப் புதியதையே சொல்வேன். லாரன்ஸுக்கு ஜுன் ஃபுகுயாமாவும் ஹோலோவுக்கு அமி கோஷிமிசுவும்தான் இரண்டிலும் குரல். வயது ஏற ஏறக் குரலில் கனிவு கூடியிருக்கிறது. பழையதில் விடுபட்ட தெரெயோ கிராமக் கதையும், விற்ற தானியத்தில் நச்சு இருப்பதாகச் சொல்லித் திருப்பியனுப்பும் கொடுமையும், இதில் முழுதாக உண்டு.

ஆனால் லெனோஸ் ஊர்க் கதை இந்த 25 பகுதிகளில் இல்லை; பழைய இரண்டாம் சீசனில் இருக்கிறது. அங்கே தோல் வியாபாரத்துக்கு முதல் திரட்ட ஹோலோவையே அடகு வைக்கிறான் லாரன்ஸ். இவர்கள் இருவருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், புதிய 25-ஐ முடித்த கையோடு அந்தப் பகுதிகளையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.