ஐந்து நாள் நாடும் ஐந்து முனை நட்சத்திரமும்: சோமாலிலாந்து வழக்கின் இரண்டு பக்கம்

1991 மே 18 அன்று புராவ் நகரில், சோமாலியாவின் வடக்கான சோமாலிலாந்து இனி தனி நாடு என்று வந்த அறிவிப்புக்குச் சோமாலி மொழியில் இரண்டு பெயர்கள் உண்டு. சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் கேட்டால் 'கோனி இசு தாக்' என்பார்கள். தனியே போய் நிற்பது, அதாவது பிரிவினை. சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் இந்தச் சொல்லுக்கு முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது 'லா சூ நோகொஷோ', கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பேசுபவர் எந்தப் பக்கம் என்பது அவர் எடுக்கும் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

கொடுத்தது என்ன? 1960 ஜூன் 26 அன்று வடக்கு, அதாவது பிரிட்டிஷ் சோமாலிலாந்து, சுதந்திரம் பெற்றது. ஐந்தே நாள் தனி நாடாக இருந்தது. ஜூலை 1 அன்று இத்தாலியின் பொறுப்பில் இருந்த தெற்கும் விடுதலையாக, இரண்டும் இணைந்து சோமாலியக் குடியரசு பிறந்தது. நீலக் கொடியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சோமாலிகள் வாழும் ஐந்து நிலப்பகுதிகள்: இந்த இரண்டு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடன், கென்யாவின் வடகிழக்கு. ஒரே மொழி, ஒரே மதம், பெரும்பாலும் ஒரே மேய்ச்சல் வாழ்க்கை. இதை ஐந்து துண்டாக வெட்டியவர்கள் வெளியார்.

ஒரே சோமாலியாவாக இருக்க வேண்டும் என்னும் ஒற்றுமைத் தரப்பின் பலமே இதுதான். பிரிட்டனும் இத்தாலியும் கிழித்த கோட்டை 21-ஆம் நூற்றாண்டில் ஒரு சோமாலி புனிதமாக்கலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். இணைப்பை ஆவலோடு கேட்டதே வடக்குதான் என்பதையும் நினைவூட்டுகிறார்கள். அது உண்மை. ஹவுத் மேய்ச்சல் நிலத்தை 1954 ஒப்பந்தப்படி பிரிட்டன் எத்தியோப்பியாவிடம் ஒப்படைத்தபோது வடக்கு கொதித்துப்போனது. ஒட்டகங்கள் மழையைத் தேடிப் போகும் நிலம் அது. ஒரே சோமாலிய நாடாகத் திரண்டால்தான் அதை மீட்கலாம் என்ற நம்பிக்கை இணைப்புக்கு வேகம் கொடுத்தது. வடக்கின் தலைவர் முகமது ஹாஜி இப்ராஹிம் எகல், 1967-இல் ஒன்றுபட்ட குடியரசின் பிரதமராகவே இருந்தார். பிடிக்காத இணைப்பில் பிரதமர் பதவி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல.

சரி, வடக்கு என்ன சொல்கிறது? முதலில் சட்டம். இரு தரப்பும் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட இணைப்பு ஒப்பந்தம் 1960-இல் இல்லை. 1961 ஜனவரியில்தான் ஒரு சட்டம் இயற்றி அதை முன்தேதியிட்டார்கள். அதற்குள் தலைநகரம், குடியரசுத் தலைவர், பிரதமர் எல்லாம் தெற்குக்குப் போயாகிவிட்டது. 123 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் வடக்குக்கு 33. 1961 ஜூனில் அரசியலமைப்பு வாக்கெடுப்பு வந்தபோது வடக்கின் முக்கியக் கட்சி புறக்கணித்தது. அங்கே வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தார்கள். ஆனால் தெற்கின் எண்ணிக்கையில் அது மூழ்கிப்போனது. அந்த டிசம்பரிலேயே வடக்கின் இளம் அதிகாரிகள் சிலர் கலகம் செய்தார்கள். அவர்களை விசாரித்த நீதிமன்றம், இணைப்புக்குச் செல்லத்தக்க சட்டமே இல்லை என்ற அடிப்படையில் விடுவித்தது. அன்றைக்கே ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதை ஹர்கெய்சாவின் வழக்கறிஞர்கள் இன்றும் முதல் வரியில் வைக்கிறார்கள்.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் யாரும் நாட்டை விட்டுப் பிரிவதில்லை. ஹர்கெய்சாவின் மையத்தில் ஒரு மிக் போர் விமானம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1988 மேயில் சோமாலி தேசிய இயக்கத்தின் கிளர்ச்சியாளர்கள் புராவ், ஹர்கெய்சா நகரங்களைத் தாக்க, சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் ராணுவம் நகரங்களையே தரைமட்டமாக்கியது. விமானங்கள் ஹர்கெய்சாவின் சொந்த விமான நிலையத்திலிருந்து கிளம்பி அதே ஹர்கெய்சாவின் மீது குண்டு போட்டன. கொல்லப்பட்டவர்கள் 50,000 முதல் 60,000 வரை என்பது அன்று ஒரு மனித உரிமை அமைப்பு சொன்ன மதிப்பீடு. பெரும்பாலோர் வடக்கின் பெரிய குலமான இசாக் குலத்தார். பல லட்சம் பேர் நடந்தே எத்தியோப்பிய எல்லையைக் கடந்தார்கள். ஆக, 'நாமெல்லாம் ஒரே ரத்தம்' என்று ஹர்கெய்சாக்காரரிடம் சொன்னால், அந்த ரத்தம் எங்கே சிந்தியது என்றுதான் அவர் கேட்பார்.

இதற்கு ஒற்றுமைத் தரப்பின் பதில்: பர்ரே எல்லோரையும்தான் கொன்றார். மஜர்தீன் குலத்தின் நீர்த்தொட்டிகளை உடைத்தார், மொகதிஷுவிலும் சுட்டுத் தள்ளினார். ஒரு சர்வாதிகாரியின் குற்றத்துக்கு ஒரு தேசத்தையே தண்டிக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் பலர் 1988-ஐ நின்று ஒப்புக்கொள்வதில்லை, கடந்துபோகும் அவசரம்தான் தெரிகிறது. என் பார்வையில் ஒற்றுமைத் தரப்பின் மிகப் பெரிய தோல்வி இதுதான். ஹர்கெய்சாவைச் சுற்றியுள்ள கூட்டுப் புதைகுழிகளுக்கு முன்னால் நின்று பேச முடியாதவர்கள் கொடியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

1991-க்குப் பிறகு நடந்ததும் வடக்கின் வாதத்துக்குச் சேர்ந்துகொண்டது. 1993-இல் போராமாவில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஒரு அரசை உருவாக்கினார்கள். வெளிநாட்டுப் படையோ பெரிய உதவிப் பணமோ இல்லை. சொந்த நாணயம், பெரியவர்கள் அவையான குர்த்தி, தோற்ற ஆட்சியாளர் இறங்கிப்போகும் தேர்தல்கள். 2024 நவம்பரில்கூட அதிபர் மூசே பிஹி தோற்று, எதிர்க்கட்சியின் இர்ரோ வந்தார். குர்த்திக்குப் பொதுத் தேர்தல் நடந்ததே இல்லை, தேர்தல்கள் தள்ளிப்போகின்றன என்பதெல்லாம் குறைகள்தான். ஆனால் அதே காலத்தில் மொகதிஷுவில் நாடாளுமன்ற இடங்களை 4.5 சூத்திரப்படி, நான்கு பெருங்குலங்களுக்குச் சமபங்கும் மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப்பங்குமாக, பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒப்பீட்டில் ஹர்கெய்சா முன்னால் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லைக் கோடு விஷயத்தில் இரு தரப்பும் இடம் மாறி நிற்கின்றன. 1964-இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளையே மதிப்போம் என்று தீர்மானித்தது. அதை ஏற்காத நாடுகளில் சோமாலியா ஒன்று. ஏற்றால் ஒகாடன் கனவு போய்விடும். இன்று மொகதிஷு அதே தீர்மானத்தைத் தன் நில ஒருமைப்பாட்டுக்குக் காவலாகப் பிடித்திருக்கிறது. ஹர்கெய்சாவும் அதையே காட்டுகிறது: சுதந்திரத்தின்போது எங்களுக்கென்று ஒரு எல்லை இருந்ததே, அந்த ஐந்து நாள்! செனகலும் காம்பியாவும் சேர்ந்து பிரியவில்லையா, எகிப்தும் சிரியாவும் பிரியவில்லையா என்பது அடுத்த வரி. 2005-இல் வந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழுவும் இந்த வழக்கு தனித்தன்மை உடையது என்றே எழுதியது. இரண்டு சட்ட வாதங்களில் இதுதான் கனமானது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியாது. சோமாலிலாந்து தன்னுடையது என்று சொல்லும் கிழக்கு நகரமான லாஸ் அனோத் குறுக்கே நிற்கிறது.

பிரிட்டிஷ் பாதுகாப்புப் பகுதியான சோமாலிலாந்து 1880-களில் குலங்களோடு போட்ட ஒப்பந்தங்களால் உருவானது. கிழக்கில், லாஸ் அனோத் பக்கம் வாழும் துல்பஹந்தே குலத்தோடு அப்படி ஒரு ஒப்பந்தம் போடப்படவில்லை. சையித் முகமது அப்துல்லா ஹசன் தலைமையில் இருபது ஆண்டு பிரிட்டனை எதிர்த்த தர்வேஷ் இயக்கத்தில் இந்தக் குலத்தாரே பெரும் பலம். 1920-இல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்ட தாலே கோட்டை இவர்கள் மண்ணில்தான் இருக்கிறது. மொகதிஷுவுக்குச் சையித் தேச வீரர். இசாக் குலத்தார் பலருக்கோ அவர் தங்கள் ஒட்டகங்களைக் கொள்ளையடித்த படையின் தலைவர். துல்பஹந்தே பெரியவர் ஒருவரிடம் போய், பிரிட்டன் வரைந்த கோட்டுக்குள் இருப்பதால் நீங்களும் சோமாலிலாந்துக்காரர் என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? தாத்தாவின் கோட்டையில் குண்டு போட்டவன் கிழித்த கோடு அது.

2022 இறுதியில் லாஸ் அனோத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023 பிப்ரவரியில் குலப் பெரியவர்கள் மொகதிஷுவின் கூட்டாட்சியோடுதான் இருப்போம் என்று அறிவித்தார்கள். சோமாலிலாந்துப் படை நகரத்தின் மீது பீரங்கியால் சுட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் படை தோற்றுப் பின்வாங்கியது. குண்டு வீச்சில் பிறந்த ஒரு நாடு, 35 ஆண்டுக்குள் இன்னொரு சோமாலி நகரத்தின் மீது குண்டு வீசியது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது, ஏனென்றால் சோமாலிலாந்தின் வழக்கில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

வெளியார் வந்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. 2024 ஜனவரி 1 அன்று கடலோரம் 20 கிலோமீட்டரை எத்தியோப்பியாவுக்கு 50 ஆண்டு குத்தகைக்கு விடப் போட்ட உடன்படிக்கை மொகதிஷுவைக் கொதிக்க வைத்தது. 2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்தது. 1991 முதல் காத்திருந்த அங்கீகாரம் கிடைத்தது என்று ஹர்கெய்சாவில் கொண்டாட்டம். முஸ்லிம் உலகத்தின் முதுகில் குத்து என்று மொகதிஷுவில் கோபம்.

எனக்குச் சரியென்று படுவது இது: ஹர்கெய்சா, புராவ், பர்பரா மக்களை அவர்கள் விருப்பத்துக்கு எதிராக மொகதிஷுவின் கீழ் வைக்க எந்த நியாயமும் இல்லை. லாஸ் அனோத்தை ஹர்கெய்சாவின் கீழ் வைக்கவும் இல்லை. 2001-இல் சோமாலிலாந்து தன் அரசியலமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டது, 97 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தது. லாஸ் அனோத் இருக்கும் சூல், அதை ஒட்டிய கிழக்குச் சனாக் பகுதிகளில் அன்று வாக்களிக்க வந்தவர்கள் மிகக் குறைவு. 1961-இல் புறக்கணித்த வடக்கின் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கக் கூடாது என்று வாதாடும் ஹர்கெய்சா, 2001-இல் வராத சூலின் மௌனத்தைச் சம்மதமாகத்தான் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறது.