ஐந்து நாள் எஃப்டிபி, 500 ரூபாய்: மூன்றாம் நாளுக்கு மட்டும் காசு தகும்

போன மாதம் எங்கள் துறையிலிருந்து நாலு பேர் ஒரு ஆன்லைன் எஃப்டிபியில் (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) சேர வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. விளைவுசார் கல்வி, பாடத்திட்ட வடிவமைப்பு என்று தலைப்பு. தினமும் மாலை 5 முதல் 7 வரை, கட்டணம் 500 ரூபாய், அதுவும் கைக்காசு. நடத்தியவர்கள் பேரை நான் இங்கே போடவில்லை, ஏனென்றால் இதற்கு முன் நான் உட்கார்ந்த இரண்டு பயிற்சிகளிலும் கிட்டத்தட்ட இதே ஸ்லைடுகள்தான் ஓடின.

நான் மெக்கானிக்கல், பத்து வருஷமாக ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுக்கிறேன். என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விசிட் வரும்போதெல்லாம் சிஓ, பிஓ, பிஎஸ்ஓ, பிஇஓ என்று கோர்ஸ் ஃபைலை நிரப்பிக் கொடுத்திருக்கிறேனே தவிர, எதற்காக நிரப்புகிறோம் என்று யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அது தெரிந்தால் போதும் என்றுதான் சேர்ந்தேன்.

முதல் நாள் முழுக்க சுருக்கெழுத்துக்கு விரிவு. ஒரு பாடம் முடிந்ததும் மாணவனால் என்ன செய்ய முடியும் என்பது சிஓ, பட்டம் வாங்கிப் போகும்போது என்ன முடியும் என்பது பிஓ, அதில் அந்தத் துறைக்கென்று தனியாக இருப்பது பிஎஸ்ஓ, வேலைக்குப் போய் நாலைந்து வருஷத்தில் எங்கே நிற்பான் என்பது பிஇஓ, அவ்வளவுதான். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கலாம், இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானதைச் சொன்னது மட்டும் உருப்படி. நம் பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்றால் அவர்கள் கேட்கும் அளவுகோலில் நாமும் காட்டியாக வேண்டும், இந்த ஃபைல் பாரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஸ்லைடில் பிஓ இன்னும் 12 என்றே இருந்தது. என்பிஏவின் புதிய படிவத்தில் 11 ஆகிவிட்டது. சாட்டில் ஒருவர் கேட்டார், பதில் வரவில்லை.

இரண்டாம் நாள் ப்ளூம் வகைப்பாடு. கற்றலை எளியதிலிருந்து கடினம் வரை அடுக்கி 1956-ல் போட்ட ஆறு படிநிலை, 2001-ல் திருத்தியது, அப்புறம் எந்தப் படிக்கு எந்த வினைச்சொல் என்று ஒரு நீளப் பட்டியல். 'அண்டர்ஸ்டேண்ட்' என்ற சொல் சிஓவில் வரவே கூடாது என்று அடித்துச் சொன்னார்கள். அடுத்த ஸ்லைடில் கே2-க்கு (அதாவது இரண்டாம் படிக்கு) நேராக எழுதியிருந்த பெயரே அதுதான்! ப்ளூமும் மற்றவர்களும் பல்கலைக்கழகத் தேர்வுத்துறை ஆட்கள், தேர்வு வினாக்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள ஒரு பொது வகைப்பாடு வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார்கள். அதை ஒரு வரி சொல்லியிருந்தால் நமக்கு இது எவ்வளவு நெருக்கமான சமாச்சாரம் என்று புரிந்திருக்கும். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஸ்லைடு இல்லை. ஒவ்வொருவரையும் தன் பாடத்திலிருந்து ஒரு சிஓ வாசிக்கச் சொன்னார். நான், "பெர்னௌலி சமன்பாட்டைப் புரிந்துகொள்வர்" என்று வாசித்தேன்.

"மேடம், புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்வி கேட்டா தெரியும் சார்."

"என்ன கேள்வி? அதை எழுதுங்க, அதுதான் உங்க சிஓ."

வென்சுரி மீட்டரில் இரண்டு இடத்து அழுத்த வேறுபாட்டைக் கொடுத்தால் குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிட வேண்டும், இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன் என்று எழுதினேன். "சரி, அப்போ வகுப்பில் எத்தனை நாள் கணக்குப் போட வைத்தீங்க?" என்றார். ஒரு நாள். மீதி நாளெல்லாம் சமன்பாட்டை நிறுவிக் காட்டியிருக்கிறேன். எதை எதிர்பார்க்கிறோமோ அதையே பயிற்சியிலும் தேர்விலும் வைக்க வேண்டும் என்பதற்கு ஜான் பிக்ஸ் 1996-ல் 'கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட்' என்று பேர் வைத்தாராம். பேர்தான் மிரட்டுகிறது.

அப்புறம் என் 13 மார்க் கேள்வி ஒன்றை எடுத்தார். 'எக்ஸ்ப்ளெயின்' என்று இருந்ததை ஆடிட்டுக்காக நான் 'அனலைஸ்' என்று மாற்றி, பக்கத்தில் கே4 போட்டிருந்தேன். விடை என்னவோ கைடில் இருக்கும் அதே இரண்டு பக்கம், பையன் மனப்பாடம் செய்து எழுதுவான், அப்படியானால் அது கே1தான். வகுப்பில் பார்க்காத ஒரு அமைப்பைக் கொடுத்தால் மட்டுமே படி ஏறும், வினைச்சொல்லை மாற்றினால் ஏறாது என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, நாலு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நாலாம் நாள் அட்டெயின்மென்ட் எக்செல், அதாவது சிஓவை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்கு. கல்லூரி வைக்கும் இலக்கை வகுப்பில் 60 சதவீதம் பேர் தொட்டால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3 என்று ஒரு மாதிரி. அறுபது பேர் வகுப்பில் 41 பேர் தொட்டால் 1, இன்னொருவனுக்கு அரை மார்க் கூட்டிப் போட்டால் 42, உடனே நிலை 2. இந்த எண்ணை, எந்த சிஓ எந்த பிஓவுக்கு எவ்வளவு உதவும் என்று காட்டும் மேப்பிங் கட்டத்தில் நாமே தோராயமாகப் போட்ட 1, 2, 3-ஓடு பெருக்கி, இரண்டு தசம ஸ்தானத்துக்கு விடை எடுக்கிறார்கள். 1.87 என்று வந்தால் அதில் அந்த 7 எதைச் சொல்கிறது என்று கேட்டேன். "விசிட் டீம் கேட்பாங்க மேடம்" என்றார்கள்.

ஐந்தாம் நாள் வினாடி வினா, ஃபீட்பேக் படிவம், குரூப் போட்டோவுக்குக் கேமராவை ஆன் செய்யச் சொன்னது. வேறொன்றுமில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்றால் போகலாம், ஆனால் மூன்றாம் நாள் யார் பேசுகிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மேப்பிங் கட்டம் நிரப்பத் தெரிந்த சீனியர்களுக்கு ரெக்கார்டிங் கிடைத்தால் அந்த ஒரு நாள் போதும். நான் இரண்டாம் யூனிட் அசைன்மென்ட்டை மட்டும் மாற்றியிருக்கிறேன்: எங்கள் ஹாஸ்டல் மேல்தொட்டியிலிருந்து மூன்றாம் மாடிக் குழாய்க்கு ஏன் தண்ணீர் நூலாக வருகிறது, கணக்குப் போட்டுக் காட்டு. பசங்க டேப் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்கள், வார்டன் எனக்குப் போன் போட்டுக் கத்தினார்.

சான்றிதழ் வந்துவிட்டது, என் இனிஷியல் தப்பு. இரண்டு மெயில் போட்டாச்சு, இன்னும் திருத்தவில்லை.