கொசுத்தேனீ: பானையா, மூங்கிலா, பெட்டியா? பிரிப்பதா, குழாய் வைப்பதா?

கொட்டாத சின்னத் தேனீயான கொசுத்தேனீக்கு எந்தக் கூடு நல்லது என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, புழு அறைகளைத் தொடாமல் தேனை எடுக்க முடியுமா என்பதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. பெட்டியில் வளர்க்கும் கொட்டுகிற அடுக்குத் தேனீ புழுவுக்கு அடிக்கடி உணவு ஊட்டும். கொசுத்தேனீயோ ஒவ்வொரு அறையிலும் கூழ் மாதிரியான உணவை முதலிலேயே நிரப்பிவிடும், ராணி அதன் மேல் செங்குத்தாக ஒரே ஒரு முட்டை வைக்கும், உடனே வேலைக்காரத் தேனீ அறையை மூடிவிடும். உள்ளே இருப்பது தேனீயாகி வெளியே வரும்வரை அந்த மூடி திறக்காது. புது அறைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் முட்டை உணவிலேயே மூழ்கிச் செத்துவிடும்.

மண்பானையில் தேனீக்கள் நன்றாகவே இருக்கும், நிழலில் வைத்தால் சூடும் அதிகம் ஏறாது. ஆனால் தேன் எடுக்கப் போனால் மொத்தக் கூட்டையும் கலைக்க வேண்டிவரும். மூங்கில் இதைவிடப் பரவாயில்லை, நீளவாக்கில் பிளந்து கட்டி வைத்தால் திறப்பது சுலபம், பெரும்பாலும் நடுவில் புழு அறைகளும் ஓரங்களில் தேன் சேர்த்து வைக்கும் சின்ன மெழுகுக் குடங்களும் இருக்கும். வெயிலிலும் மழையிலும் வெடிப்பு விடுவதுதான் தொல்லை, எறும்பு நுழைய அது போதும்.

என் ஓட்டு அடுக்குப் பெட்டிக்கு. கீழே புழு அறை, மேல் தட்டில் தேன். மேல் தட்டைத் தூக்கினால் வேலை முடிந்தது. ஆனால் மெல்லிய பலகையில் செய்யாதீர்கள், ஒரு அங்குலமாவது தடிமன் வேண்டும், இல்லையென்றால் வெயிலில் உள்ளே மெழுகு இளகும். பெட்டி பெரிதானால் தேனும் கூடும் என்று நினைப்பதும் தப்பு. சிறு கூட்டத்தால் காலி இடத்தைக் காவல் காக்க முடியாது.

சரி, கூட்டைப் பெருக்குவது எப்படி? பிரித்தால் ஒரே நாளில் ஒன்று இரண்டாகும். வெளிர் நிறத்தில் இருப்பவை வெளிவரத் தயாரான அறைகள், கருப்பாக இருப்பவை புதியவை. ராணி இல்லாத பாதிக்கு வெளிர் அறைகளையும், மற்றதைவிடப் பெரிதாகத் தெரியும் ராணி அறை ஒன்றையும் கொடுத்து, அதைப் பழைய இடத்திலேயே வையுங்கள். வெளியே போன தேனீக்கள் அங்கேதான் திரும்பும். மெலிபோனா என்ற அமெரிக்கக் கொட்டாத தேனீ இனங்களில் ராணிக்கென்று தனி அறை கிடையாது, அங்கே தேடி அலைய வேண்டாம். பிரிக்கும்போது உடைந்த தேன், மகரந்தக் குடங்களை உள்ளே விடவே கூடாது. அந்த வாசனைக்கு ஃபோரிட் என்ற சின்ன ஈ வந்து முட்டையிடும், அதன் புழுக்கள் பலவீனமான கூட்டத்தை அழித்தேவிடும். இடுக்குகளை அன்றே அடைத்துவிடுங்கள்.

குழாய் முறையில் தாய்க்கூட்டின் வாசலைக் காலிப் பெட்டியோடு இணைத்து, அதன் வழியாகவே போய்வர வைக்கிறோம். இயற்கையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். வயிறு பருத்த பழைய ராணியால் பறக்க முடியாது, அதனால் வேலைக்காரத் தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் உணவும் சுமந்து புது வீட்டைத் தயார் செய்யும், இளம் ராணிதான் அங்கே குடியேறும். தாய்க்கூட்டுக்கு எந்த அடியும் படாது. ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில கூட்டங்கள் புதுப் பெட்டியை வெறும் நடைபாதையாகவே வைத்துக்கொள்ளும்.

சுவரிலும் மரப்பொந்திலும் இருக்கும் கூட்டுக்குக் குழாய்தான். பெட்டியில் கூட்டம் நெரிசலாக இருந்து, பூக்களும் நிறைய இருக்கும் காலமென்றால் தைரியமாகப் பிரிக்கலாம். ஒரே பருவத்தில் ஒரே பெட்டியிடம் தேனும் கேட்டு, பிரிவும் கேட்பதுதான் பல கூட்டங்களைச் சாகடிக்கிறது.

தேன் எடுப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழிந்தால் மகரந்தமும் அழுக்கும் கலந்து சீக்கிரம் புளிக்கும், குடங்களும் போச்சு. சிரிஞ்சால் உறிஞ்சினால் தேன் சுத்தமாக வரும், குடங்களைத் தேனீக்கள் மறுபடி நிரப்பும். அடுக்குத் தேனில் ஈரம் இதைவிடக் குறைவு. கொசுத்தேனில் 25, 30 சதவீதம் என்பது சாதாரணம். அதனால் எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.