சென்னை–பெங்களூரு: பன்னிரண்டு ஆண்டுப் பயணக் கணக்கு

2013-ஆம் ஆண்டின் நடுவில் எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை அமைந்தபோது, பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டாம், குடும்பம் சென்னையிலேயே இருக்கட்டும், நான் மட்டும் மாதம் இரண்டு முறை வந்துபோனால் போதும் என்று வீட்டில் முடிவாயிற்று. ஓராண்டுக்கு என்று செய்த அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. பெருந்தொற்று விழுங்கிய மாதங்களைக் கழித்துவிட்டாலும் இருநூறு முறைக்கு மேல் போய்வந்திருப்பேன். அரசுப் பேருந்து, ஆம்னி பேருந்து, பகல் ரயில், இரவு ரயில், விமானம், சொந்தக் கார் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ரயில் பாதை அதைவிடச் சற்றே அதிகம். இந்தத் தூரம் எல்லாருக்கும் பொதுவானது என்றாலும், பயணம் எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது இந்த 350 அல்ல. வீட்டிலிருந்து ஏறுமிடம் வரையிலும், இறங்குமிடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய வாசல் வரையிலும் உள்ள பத்து, பதினைந்து கிலோமீட்டர்தான். எனக்கு வீடு புரசைவாக்கத்தில்; சென்ட்ரல் நிலையத்துக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். பெங்களூருவில் 2019 வரை எலக்ட்ரானிக் சிட்டி, அதன்பின் ஒயிட்ஃபீல்டு. ஊர் மாறவில்லை, அலுவலகம் மட்டுமே மாறியது. ஆனால் எது வசதி, எது தொல்லை என்று நான் போட்டு வைத்திருந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

எலக்ட்ரானிக் சிட்டி காலத்தில் எனக்குப் பேருந்துக்கு நிகராக எதுவும் இல்லை. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குள் நுழையும் எந்த வண்டியும் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டித்தான் நகருக்குள் போயாக வேண்டும். கோயம்பேட்டில் இரவு பத்தரை மணிக்கு ஏறினால் விடியுமுன் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியைக் கடந்து, ஐந்து மணிக்கெல்லாம் அலுவலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இறங்கிவிடலாம். அதே வண்டியில் சாந்திநகர் வரை போகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட வேண்டும். வண்டி குறித்த நேரத்துக்கு வந்தால் அது பத்து நிமிடம். இரண்டு மணி நேரம் பிந்தி ஏழரைக்கு வந்தாலோ அந்தச் சந்திப்பிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

கர்நாடக அரசுக் கழகத்தின் ஐராவத் வண்டிகளில் இருக்கை நன்றாகவே இருக்கும். புறப்படும் நேரத்தில் ஒழுங்கும் உண்டு. தமிழக அரசு விரைவுப் பேருந்து கட்டணத்தில் மலிவு, ஆனால் எந்த வண்டி வாய்க்கும் என்பது அன்றைய யோகத்தைப் பொறுத்தது. ஆம்னி பேருந்துகளில் படுக்கை வசதி இருந்தாலும், பயணச்சீட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தை நான் நம்புவதில்லை. ஊருக்குள் ஏழெட்டு இடங்களில் ஆளேற்றிக்கொண்டு, நசரத்பேட்டையைத் தாண்டுவதற்குள் இரவு ஒரு மணி ஆன நாட்கள் உண்டு. ஒருமுறை ஒரு தனியார் வண்டி ஓசூர் மேம்பாலத்துக்குக் கீழே நின்று, பெங்களூருவுக்கு ஐந்து பேர்தான் இருக்கிறோம் என்பதைக் காரணம் காட்டி, வேறொரு வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லி எங்களை இறக்கிவிட்டது. மணி நாலரை, தூறல் வேறு. அந்த வேறொரு வண்டி வரவே இல்லை. டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். பணம் திரும்பி வர நாற்பது நாட்களும் ஒன்பது மின்னஞ்சல்களும் தேவைப்பட்டன.

சாலைப் பயணத்தின் இன்னொரு பலவீனம் 2016 செப்டம்பரில் புரிந்தது. காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றியெரிந்த அந்த வாரத்தில், தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் கொளுத்தப்பட்டு, இரு மாநிலங்களுக்கு இடையேயான பேருந்துகள் எல்லையோடு நின்றுபோயின. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் அத்திப்பள்ளி வரை எப்படியோ வந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே எல்லையைக் கடந்து, சூசூவாடியில் தமிழகப் பேருந்து பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தபோது கைகொடுத்தது இதே பேருந்துதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருப்பவர் என்றாவது ஒரு நாள் நடுவழியில் நிற்பார்.

ஒயிட்ஃபீல்டுக்கு மாறியபின் ரயில்தான் என் வாகனமாயிற்று. ஜோலார்பேட்டையில் பிரிந்து குப்பம், பங்காருபேட்டை வழியாக வரும் பாதை பெங்களூருவின் கிழக்கு வாசலில் நுழைகிறது; கே.ஆர்.புரத்தில் நிற்கும் வண்டியாக இருந்தால் நகருக்குள் போய்த் திரும்பி வரும் வேலை மிச்சம். முன்பெல்லாம் அங்கே இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, டின் ஃபேக்டரி நெரிசலில் மூச்சுத் திணற வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் கே.ஆர்.புரம்–ஒயிட்ஃபீல்டு மெட்ரோவும், அந்த ஆண்டு அக்டோபரில் நகரின் மையத்தோடு அதை இணைக்கும் பகுதியும் திறக்கப்பட்டன. என்னைக் கேட்டால், இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சென்னை–பெங்களூருப் பயண நேரத்தை உண்மையிலேயே குறைத்தது எந்தப் புதிய ரயிலும் அல்ல, இந்த மெட்ரோதான்.

பகல் ரயில்களில் என் மனதுக்கு நெருக்கமானவை இரண்டு: 1964 முதல் ஓடும் பிருந்தாவன், 1992-இல் வந்த லால்பாக். இரண்டும் சுமார் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. உட்கார்ந்து செல்லும் சாதாரண வகுப்பில் 200 ரூபாய்க்குள் சென்னையிலிருந்து பெங்களூரு போய்விடலாம் என்பதை இன்றும் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஞாயிறு பிற்பகல் சென்ட்ரலில் புறப்படும் லால்பாக்கில் ஏறினால் இரவு உணவு நேரத்துக்கு ஒயிட்ஃபீல்டு அறையில் இருப்பேன். காட்பாடியைத் தாண்டியதும் பாலாறு என்ற பெயரில் மணல் தெரியும். ஆம்பூரில் பிரியாணிப் பொட்டலங்கள் ஏறும். ஜோலார்பேட்டைக்கு முன்னால் இடப்பக்கம் ஏலகிரி மலை கூடவே வரும். அங்கிருந்து பெங்களூரு பீடபூமிக்கு ஏற வேண்டும் என்பதால் வண்டி வேகம் குறைந்து பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். கைப்பேசித் தொடர்பும் அந்த இடத்தில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே அலுவலக அழைப்பு எதையும் அந்த ஒரு மணி நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குப்பம் ஆந்திரத்தில் இருப்பதால், ஆறு மணி நேரத்தில் மூன்று மாநிலங்கள் வழியாகப் போகிறோம்.

பங்காருபேட்டையில் பெட்டியின் முகமே மாறிவிடும். கோலார் தங்கவயலுக்கு அங்கிருந்துதான் கிளைப்பாதை பிரிகிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூருதான் பிழைப்பு. தினமும் ரயிலில் போய்வருகிறார்கள். முன்பதிவுப் பெட்டி என்று சொன்னால், “ஒரு மணி நேரந்தாண்ணா, கொஞ்சம் நகருங்க” என்று மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக அமர்வார்கள். தொடக்கத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, காலை நாலரைக்கு எழுந்து இரவு பத்துக்கு வீடு சேரும் மனிதரிடம் இருக்கை எண்ணைக் காட்டிப் பேச மனம் வரவில்லை. நிமிர்ந்த முதுகுச் சாய்வு கொண்ட அந்த இருக்கையில் ஐந்தாவது மணி நேரத்தில் இடுப்பு பேசத் தொடங்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இடுப்புவலி உள்ளவர்கள் குளிர்சாதன வகுப்பு எடுப்பதே நல்லது.

2013-இல் வந்த இரண்டடுக்கு ரயிலிலும் ஆசைக்கு நாலைந்து முறை போனேன். மேல் தளத்தில் பெட்டியைத் தூக்கி வைப்பதற்குள் தலை இடிக்கும். கீழ்த் தளத்தில் சன்னல் நடைமேடையின் மட்டத்துக்கே இருப்பதால், வண்டி நிற்கும்போதெல்லாம் செருப்புகளையும் பெட்டிச் சக்கரங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத், 2022 நவம்பர் 11-ஆம் தேதி சென்னைக்கும் மைசூருவுக்கும் இடையே பெங்களூரு வழியாக ஓடத் தொடங்கியது; 2024 மார்ச்சில் இரண்டாவது வண்டியும் சேர்ந்தது. சென்ட்ரலிலிருந்து பெங்களூரு நகர நிலையத்துக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம்; சதாப்தியை விட அரை மணி நேரம் அளவுக்கே மிச்சம். மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டிதான் என்றாலும், இந்தப் பாதையில் அதன் சராசரி 80 சொச்சம்தான் வருகிறது. சுத்தம், கழிப்பறை, நேரந்தவறாமை மூன்றிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண இருக்கைக்கே 1000 ரூபாய் அளவில் ஆகிறது என்பதால், ஒருமுறை போகும் காசில் பிருந்தாவனில் ஐந்து முறை போகலாம். சிற்றுண்டி வேண்டாம் என்று முன்பதிவின்போதே தெரிவித்தால் கட்டணம் குறையும். நான் அப்படித்தான் செய்கிறேன், வீட்டு இட்லிக்கு அது ஈடில்லை என்பதால். மெஜஸ்டிக், எம்.ஜி.சாலைப் பகுதிகளில் காலை பதினொன்றரை மணிக் கூட்டம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை.

இரவு மெயில் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பத்தே முக்கால் மணி வாக்கில் சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் விடியுமுன் பெங்களூரு என்று கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மணி நேரப் பயணத்தில் பரிசோதகர் வந்துபோய் விளக்கணையப் பதினொன்றரை ஆகும், கே.ஆர்.புரத்தில் இறங்க வேண்டியவர் மூன்றரைக்கே விழித்தாக வேண்டும். இறங்கினால் மெட்ரோவின் முதல் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நடைமேடை பெஞ்சில் மப்ளரோடு உட்கார்ந்திருந்த டிசம்பர் இரவுகள் பல. 139 எண்ணில் எழுப்பும் அழைப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். நான் அதோடு கைப்பேசியிலும் இரண்டு அலாரம் வைப்பேன். அப்படியும் ஒருமுறை உறங்கிப்போய்க் கண்டோன்மென்ட்டில் விழித்தேன்.

விமானத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வானத்தில் இருக்கும் நேரம் முக்கால் மணிகூட இல்லை. ஆனால் 2008-இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட பெங்களூரு விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி நகரின் தெற்குக் கோடி. புரசைவாக்கத்தில் காலை ஐந்தரைக்குக் கிளம்பிய நான், எட்டு மணி விமானத்தில் பறந்து, வாயு வஜ்ரா பேருந்தில் ஏறி, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோது பதினொன்றரை. ஆறு மணி நேரம். அதாவது பிருந்தாவன் எடுக்கும் நேரம். அங்கே அழகான இரண்டாம் முனையம் திறக்கப்பட்டதும் வந்தே பாரத் கிளம்பிய அதே நவம்பர் 11-ஆம் தேதிதான். இரண்டையும் பிரதமர் ஒரே காலையில் தொடங்கிவைத்தார். பல்லாவரத்தில் வீடும் ஹெப்பாளில் வேலையும் உள்ளவருக்கு என் கணக்கு பொருந்தாது. அவர் தயங்காமல் பறக்கலாம்.

காரில் போவது நால்வர் சேரும்போது மட்டுமே கட்டுபடியாகும். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். ஃபாஸ்டேக் வந்தபின் நிற்கும் நேரம் குறைந்தாலும் கழியும் பணம் குறையவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே ஆறுவழியாக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்க, மாற்றுப்பாதைகளின் மேடுபள்ளங்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. ஐம்பதைத் தாண்டியபின் எதிர்வண்டி விளக்குகள் கண்ணைக் கூச வைப்பதால், இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஹொசகோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டருக்கு அமையும் விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கர்நாடகப் பகுதியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்: தடையே இல்லாத நேர்சாலை, அது முடிந்ததும் மீண்டும் லாரிகளுக்கு நடுவே பழைய சாலை.

இருக்கை கிடைப்பதுதான் இத்தனைக்கும் மேலான சிக்கல். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. என்னைப் போல் மாத நாட்காட்டியை வைத்துத் திட்டமிடுபவர்களுக்கு இதில் இழப்பொன்றும் இல்லை. வெள்ளி மாலை பெங்களூருவிலிருந்தும் ஞாயிறு மாலை சென்னையிலிருந்தும் காலியிடம் கிடைப்பது அரிது என்பதால், வியாழன் இரவு கிளம்பித் திங்கள் பிற்பகல் திரும்பும்படி அலுவலகத்தில் பேசி வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடும். அப்போது தட்கலை நம்பி உட்காராமல், ஓசூர் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து வேலூருக்கு ஒன்று, பிறகு சென்னைக்கு ஒன்று என்று மாறி மாறி வந்துவிடுகிறேன். கடந்த தீபாவளிக்கு அப்படி வந்ததில் ஒன்பது மணி நேரம் ஆயிற்று. கிருஷ்ணகிரியில் இறங்கித் தேநீர் குடித்தபோது, பக்கத்தில் நின்றவர் தம் பயணச்சீட்டு காத்திருப்போர் பட்டியலில் நான்காம் எண்ணிலேயே நின்றுபோனதைச் சொல்லிச் சிரித்தார். என்னுடையது பதினொன்று.