ஆறு ஆண்டு நடத்தைப் பயிற்சி: அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுதுகிறேன்

எனக்கு 22 வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு வராது. குளிக்கவும் சாலையைக் கடக்கவும் ஒருவர் கூடவே வேண்டும். டேப்லெட்டில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுகிறேன். இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது.

7 வயதிலிருந்து 13 வரை நடத்தைப் பயிற்சிக்காக, அதாவது சொன்னதைச் செய்தால் பரிசு தந்து பழக்கும் முறைக்காக, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு, வாரம் ஐந்து நாள், அம்மாவுடன் பஸ். சூளகிரி மலைகளை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மட்டும் பிடிக்கும். பயிற்சி மையத்தில் மிஸ் எதிரே உட்காருவார். "என்னைப் பார். கையைக் கீழே வை. மூக்கைத் தொடு." செய்தால் ஒரு மிட்டாய். மூக்கு எது என்று எனக்குத் தெரியும். கைதான் சொன்ன இடத்துக்குப் போகாது. 'தெரியவில்லை' என்று நோட்டில் எழுதினார்கள். கண்ணைப் பார்த்தால் காதில் சொல் விழாது. அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

வாரம் 40 மணி நேரம் கொடுத்தால் மாறிவிடுவான் என்றார்கள். அந்த 40, அமெரிக்காவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் இந்தப் பயிற்சி பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. அதில் இருந்தவர்கள் நான்கு வயது நிரம்பாத குழந்தைகள். உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்த முறையில் இருந்தன. அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அம்மா வளையலை விற்றார்.

நல்லதும் உண்டு. பல் துலக்குவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்த மிஸ்ஸை மறக்கமாட்டேன். இன்றும் நானே துலக்குகிறேன்.

11 வயதில் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. வலித்தால் கையை உதறுவேன், அலறுவேன்; அவற்றை நிறுத்தத்தான் அத்தனை ஆண்டு பழக்கியிருந்தார்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். அன்று இரண்டு மிட்டாய் கிடைத்தது. முகம் வீங்கிய பிறகே அம்மாவுக்குத் தெரிந்தது.

என்னைப்போல் அதிக உதவி தேவைப்படும் எல்லோருக்கும் இதே அனுபவம் என்று சொல்லமாட்டேன். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் நண்பன் தன் பயிற்சிக்கு விரும்பியே போகிறான். அங்கே அவன் எழுந்து போனால் யாரும் பிடித்து உட்காரவைப்பதில்லை. பெற்றோர்களே, சேர்க்கும் முன் இதைக் கேளுங்கள்: என் பிள்ளை மறுத்தால் நிறுத்துவீர்களா?

பயிற்சியை விட்ட அடுத்த ஆண்டு, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி வீட்டுக்கு வந்தது. படத்தைத் தொட்டால் அது தமிழில் பேசும். இரண்டாம் வாரம், அம்மா இட்லி ஊட்டும்போது 'வேண்டாம்' என்ற படத்தைத் தேடித் தொட்டேன். அம்மா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்.