பொருளடக்கத்துக்குப் பணம் கொடுக்கும் முன் எஃப்9 அழுத்திப் பாருங்கள்

ஆய்வேட்டை டைப்பிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள ஒரு டிடிபி கடையில்தான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தேன். 312 பக்கம். டைப்பிங் கூலி போக, பொருளடக்கம், பக்க எண், அலைன்மென்ட் என்று ஃபார்மேட்டிங்குக்குத் தனியாக 2,500 ரூபாய் வாங்கினார்கள். பிரின்ட் எடுத்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

நெறியாளர் இரண்டாம் இயலில் நான்கு பக்கம் சேர்க்கச் சொன்னார். அங்கே ஆரம்பித்தது வினை. பின்னால் வரும் தலைப்புகள் எல்லாம் நான்கு பக்கம் தள்ளிப் போயின. பொருளடக்கம் மட்டும் அசையவில்லை. கடைக்குப் போனால், “கரெக்‌ஷனுக்குத் தனி சார்ஜ் மேடம், 600 ஆகும்” என்றார். கொடுத்தேன். அடுத்த வாரம் முன்னுரையில் ஒரு பக்கம் கூடியது. மறுபடியும் 600. மூன்றாம் முறையும் கேட்டபோதுதான் ஃபைலை பென் டிரைவில் வாங்கி வந்து வீட்டில் திறந்து பார்த்தேன்.

வேர்டில் முறையாகப் போட்ட பொருளடக்கத்தின் மேல் கிளிக் செய்தால் மொத்தமும் சாம்பல் நிறமாகும். எஃப்9 அழுத்தினால் பக்க எண்களை மட்டும் புதுப்பிக்கவா, முழுவதையுமா என்று கேட்கும். எனக்கு எதுவும் வரவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 சேர்த்து அழுத்தி, மறைந்திருக்கும் குறிகளை வரவழைத்தேன். வரிக்கு வரி முற்றுப்புள்ளி விசையை அழுத்திப் பிடித்து அடித்த புள்ளிகள். எண் ஓரத்துக்கு வர வேண்டுமே என்று 87க்கு முன்னால் மூன்று ஸ்பேஸ், 102க்கு முன்னால் ஒன்று. முழுக்க முழுக்கக் கையால் அடித்தது!

சரி, நாமே போடலாம் என்று ரெஃபரன்சஸ் பகுதியில் போய் முயன்றேன். சேர்ப்பதற்குத் தலைப்பே இல்லை என்று செய்தி வந்தது. தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறார்களே தவிர, ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைலை ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. அது இல்லாமல் எது தலைப்பு, எது பத்தி என்று வேர்டுக்கு எப்படித் தெரியும்? ஃபார்மேட்டிங் என்று காசு வாங்கியதே இந்த வேலைக்குத்தானே.

இயல் தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், 1. உட்தலைப்புக்கு 1க்குப் பதில் 2. முதல் தலைப்பிலேயே பயந்துவிட்டேன். எழுத்தெல்லாம் ஆங்கிலமாகிவிட்டது, ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நின்றது. ஆய்வேடு பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மாறினால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஹெடிங் ஸ்டைல்களிலும், பொருளடக்க வரிகளுக்கான டிஓசி 1, டிஓசி 2 ஸ்டைல்களிலும் எழுத்துருவை பாமினி என்று மாற்றியதும் சரியானது. ஸ்டைலைத் தொடாமல் பொருளடக்க வரிகளில் மட்டும் மாற்றினால், அடுத்த முறை முழுவதையும் புதுப்பிக்கும்போது அது போய்விடும். 94 தலைப்பு, ஒன்றரை மணி நேரம். அப்புறம் கையால் அடித்ததை நீக்கிவிட்டு, ரெஃபரன்சஸ் பகுதியில் பொருளடக்கத்தைப் போட்டு எஃப்9 அழுத்தினேன், அத்தனை எண்ணும் சரியாக வந்து உட்கார்ந்தது.

அதனால் கடையை விட்டு வெளியே வருவதற்குள், அவர்கள் கணினியிலேயே பொருளடக்கத்தின் மேல் கிளிக் செய்து எஃப்9 அழுத்திப் பாருங்கள். வியூ பகுதியில் நேவிகேஷன் பேனை டிக் செய்தால் இடப்பக்கம் உங்கள் தலைப்புகள் வரிசையாகத் தெரிய வேண்டும். வெறுமையாக இருந்தால் ஃபார்மேட்டிங் காசைக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் மட்டும் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது, வேர்டு ஃபைல் கையில் வந்தாக வேண்டும்.

3,700 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். “பிரின்ட்ல எல்லாம் சரியாத்தானே வந்துச்சு மேடம்” என்றார். ஒரு பைசா வரவில்லை. அப்போது அங்கே ஆய்வேட்டோடு இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.